ஜன்னல் அட்டை

வாசிப்புப் போட்டி என்ற பேச்சை எடுத்தாலே எனக்கு வயிறு எரியும். கொல்கத்தாவுக்கு வந்த பிறகு பிடித்த வியாதி இது. அதற்கு முன்னால் குழந்தைகள் மேடையேறிப் படித்தால் நானும் எல்லாரையும் போல முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவள்தான்.

என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. மாற்றலாகி கார்டன் ரீச் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தோம். எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்தேன். இங்கே வந்ததும் வேலை இல்லை, பேச ஆள் இல்லை. லேக் மார்க்கெட் பக்கம் ஒரு தமிழர் சங்கம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது, எடுப்பதற்குத்தான் ஆள் இல்லை என்று யாரோ சொன்னார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் நான் எடுக்கிறேன் என்றேன்.

சங்கத்தின் செயலாளர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தாத்தா காலத்திலேயே இங்கே வந்து தங்கிவிட்ட குடும்பம். வாயைத் திறந்தால் வெண்ணெய் உருகும், அப்படிப் பேசுவார்.

"ரொம்ப சந்தோஷம்மா. ஊர்லேர்ந்து வந்தவா சொல்லிக்குடுத்தாத்தான் கொழந்தேளுக்கு உச்சரிப்பு நன்னா வரும். பொங்கல் விழாவுல வாசிப்புப் போட்டி இருக்கு. அதுக்கு மட்டும் ரெடி பண்ணிடுங்கோ, போறும்."

அந்த 'மட்டும்' என்ன என்று எனக்கு அன்று புரியவில்லை. காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

முதல் வகுப்பில் குழந்தைகள் சுவரில் தொங்கிய அட்டையைப் பார்த்து ஒரே குரலில் பாடினார்கள். அ, அம்மா. ஆ, ஆடு. இ, இலை. நிறுத்தாமல், மூச்சு வாங்காமல். அடுத்து க, ங, ச. அதையும் பாடினார்கள். பெற்றோர்கள் வாசலில் நின்று பூரித்துப் போனார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து போய், ஆட்டுப் படத்தைக் கையால் மூடிக்கொண்டு எழுத்தை மட்டும் காட்டி இது என்ன என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கரும்பலகையில் 'ப' என்று எழுதினேன். நன்றாகப் பாடிய பையன் ஒருவன் க, ங, ச என்று வாய்க்குள் முனகியபடி விரலை மடக்கிக்கொண்டே வந்து, கடைசியில் "ப" என்றான். முகத்தில் வெற்றிச் சிரிப்பு வேறு. அவனுக்கு 'ப' ஒரு சத்தம் இல்லை. வரிசையில் எங்கேயோ நிற்கிற ஒரு ஆள். கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வரிசையின் ஆரம்பத்திலிருந்து நடந்து வர வேண்டும்.

அட்டையைக் கழற்றிச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்தேன். அதற்கே ஒரு பஞ்சாயத்து நடந்தது. செயலாளரின் மனைவி ஆசையாக லேமினேட் செய்து கொடுத்ததாம்.

பிறகு எனக்குத் தெரிந்த வழியில் ஆரம்பித்தேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து, நடுவில் பிளேடால் ஒரு எழுத்து தெரிகிற அளவுக்குச் சதுரமாக வெட்டுவேன். அதை வரியின் மேல் வைத்து நகர்த்தினால் ஒரு நேரத்தில் ஒரே எழுத்துதான் தெரியும். படம் தெரியாது, அடுத்த வார்த்தை தெரியாது, ஊகித்துச் சொல்ல வழி கிடையாது. கொம்பும் காலும் வைத்த எழுத்துகளுக்குக் கொஞ்சம் அகலமாக வெட்டிய இன்னொரு அட்டை. ஜன்னல் அட்டை என்று குழந்தைகளே பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன சத்தம் கேக்குது? அந்தச் சத்தத்தை விட்டுடாதே. பிடிச்சுக்கிட்டே அடுத்ததுக்குப் போ." இவ்வளவுதான் என் பாடம். இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன். ப என்ற சத்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ட-வுக்குப் போய், இரண்டையும் சேர்த்துக்கொண்டு ம் என்று உதட்டை மூட வேண்டும். பெரியவர்களுக்கு இது ஒரு வேலையாகவே தெரியாது. ஆறு வயதுக்கு அது மலையேறுகிற வேலை.

பெற்றோர்களுக்குப் பொறுக்கவில்லை. "இத்தனை வாரமா க, ப, ட, ம தானா மேடம்?" என்றார்கள். "மழலையர் பாட்டு ஏதாவது சொல்லிக்குடுத்தா வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பலாம்" என்றார்கள். குழந்தைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கிரிக்கெட் கோச்சிங், டிராயிங் கிளாஸ், அபாகஸ். இந்த ஊரில் குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வாரத்திலேயே அதிக வேலை.

விடாமல் வந்தவள் ஒருத்தி. கிடர்பூரிலிருந்து வருவாள். ஏழு வயது. அப்பா தமிழர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் வேலை. அம்மா வங்காளி. அந்த அம்மாதான் ஒவ்வொரு வாரமும் பஸ் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவாள். மற்ற அம்மாக்கள் பிள்ளையை விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போவார்கள். இவள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். நீயும் போய்விட்டு வாயேன் என்று ஒருநாள் சொன்னேன்.

"இல்ல தீதி," என்றாள். அக்கா என்பதற்கு அவர்கள் சொல்வது. "நானும் கத்துக்கறேன். வீட்டுல ரெண்டு பேர் படிச்சா இவளுக்குப் பயம் போகும்."

புகுந்த வீட்டில் காதால் கேட்டுக் கற்றுக்கொண்ட தமிழ் அவளுடையது. எழுத்து தெரியாது. அவளுக்கும் ஒரு ஜன்னல் அட்டை வெட்டிக் கொடுத்தேன். வங்காளத்தில் க என்ற எழுத்தைக் கொ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பழக்கம் நாக்கில் இருந்தது. படம் என்று எழுதினால் "பொடொம்" என்பாள். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். "மா, பொடொம் இல்ல, படம்!" அம்மாவும் சிரித்துக்கொண்டே மறுபடியும் பொடொம் என்பாள். எனக்கு அந்த ஊரில் கிடைத்த சந்தோஷம் என்று சொன்னால் அந்தக் கடைசி பெஞ்சுதான்.

ஒருநாள் அந்தப் பெண் க-வைப் பிடித்தாள். அட்டையை நகர்த்தினாள். ப் என்று உதட்டை மூடினாள். ப. ல். திரும்ப ஆரம்பத்துக்கு வந்தாள். கப். கப்ப. சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"கப்பல்! மிஸ், இது அப்பா ஆபீஸ் கப்பல்!"

அதுவரை எழுத்து என்பது மிஸ்ஸுக்காகச் சொல்ல வேண்டிய ஏதோ ஒன்று. இப்போது அப்பா தினமும் சாப்பிடும்போது சொல்கிற வார்த்தை காகிதத்தில் இருந்தது, அதை அவளே வெளியே எடுத்திருக்கிறாள். அன்று பஸ்ஸில் வீடு போகும் வரைக்கும் கப்பல் கப்பல் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். நானும் அதே பஸ்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இப்போது ஊரில் ஹாஸ்டலில் இருக்கிற என் பிள்ளை முதலில் படித்தபோதுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

பஸ்ஸில் போகவர அந்த அம்மா சொல்லித்தான் எனக்கு மற்றது தெரிந்தது. அவள் வீட்டு ஷோகேஸில் ஒரு கப் இருக்கிறதாம். அவள் கணவர் சின்ன வயதில் இதே சங்கத்தில், இதே வாசிப்புப் போட்டியில் வாங்கியது. யார் வந்தாலும் அதை எடுத்துக் காட்டுவாராம். மகள் தமிழில் ஏதாவது தப்பாகப் பேசினால், "உனக்குத் தமிழ் வராதுடி, நீ உங்கம்மா பொண்ணு" என்பாராம். விளையாட்டுக்குத்தான் சொல்வார் என்றாள் அந்த அம்மா. மகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா முன்னால் மேடையில் ஏறிப் படித்துக் காட்ட வேண்டும், அந்தக் கப்புக்குப் பக்கத்தில் தன் கப்பை வைக்க வேண்டும். அதற்காகத்தான் அவள் மழையிலும் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

பொங்கல் நெருங்கியது. போட்டிக்கு எல்லாருக்கும் ஒரே பக்கம். மழையில் மாட்டிக்கொண்ட ஒரு எறும்பைப் பற்றி. அந்தப் பக்கத்தைப் புகைப்படம் எடுத்துப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். கூடவே ஒரு வாய்ஸ் நோட். செயலாளரின் மனைவி முழுப் பக்கத்தையும் ஏற்ற இறக்கத்தோடு படித்திருந்தார். அது போதாதென்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி இன்னொரு தாள். நான் செயலாளரைக் கூப்பிட்டு, இதைக் கேட்டு ஒப்பித்தால் அது எப்படி வாசிப்புப் போட்டி ஆகும் என்றேன்.

"ஒரு ஹெல்ப்புக்குத்தாம்மா. எங்க காலத்துலயும் இப்படித்தான். அப்போ வாட்ஸ்அப் கெடையாது, அம்மா வாயால சொல்லுவா, கேட்டுக் கேட்டுச் சொல்லிடுவோம்."

அந்த வாய்ஸ் நோட்டைப் போடவே போடாதே என்று வங்காளி அம்மாவிடம் சொன்னேன். "நிச்சயமா தீதி?" என்றாள். நிச்சயமாக என்றேன். உன் பெண்ணுக்குப் படிக்கத் தெரியும், அதற்கு மேல் என்ன வேண்டும் என்றேன்.

விழா நாளன்று கொல்கத்தாக் குளிருக்கு வழக்கம் போல ஆளுக்கொரு குரங்குக் குல்லாய். சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்ததால் எல்லாம் தாமதம். குழந்தைகள் ஒவ்வொருவராகப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தார்கள். ஏற்றம், இறக்கம், கையசைப்பு. 'சின்ன எறும்பு ஒன்று மெல்ல இலையின்' என்று வந்து ஒரு நிறுத்து. பிறகு 'அடியில் ஒதுங்கியது.' அடுத்த குழந்தையும் 'இலையின்' என்று நிறுத்தியது. அதற்கடுத்ததும் அங்கேயே நிறுத்தியது. அங்கே காற்புள்ளி கிடையாது, நிறுத்துவதற்கு ஒரு காரணமும் கிடையாது. பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம் போனை வாங்கி, காதோடு வைத்து அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டேன். 'இலையின்' என்ற இடத்தில் பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. விசில் அடங்கும் வரை அந்த அம்மாள் பொறுத்திருந்து, பிறகு 'அடியில்' என்று தொடர்கிறார்.

முதலில் சிரித்துவிட்டேன். அடுத்த குழந்தையும் விசிலுக்காகப் பொறுத்திருந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அரங்கம் முழுவதும் கை தட்டிக்கொண்டிருந்தது. என்ன ஃப்ளோ பாருங்கோ என்று பின்னாலிருந்து ஒரு குரல். எனக்கு எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது.

கிடர்பூர்ப் பெண் ஏறினாள். மேஜைமேல் புத்தகத்தை விரித்தாள். பாவாடை இடுப்பில் செருகியிருந்த ஜன்னல் அட்டையை எடுத்து வரியில் வைத்தாள். செயலாளர் ஓரத்திலிருந்து வேகமாக வந்து அட்டையை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மேடையில இதெல்லாம் வேண்டாம்மா. ஃபோட்டோல அசிங்கமா இருக்கும்."

அவள் ஒரு நிமிஷம் முழித்தாள். பிறகு விரலை வைத்துப் படித்தாள். மழை. பெய். பெய்தது. ஒவ்வொரு சத்தமாகப் பிடித்து, சேர்த்து, சரியாகத்தான் வந்தாள். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. வேகம்தான் இல்லை. அதற்குள் அரங்கத்தில் எல்லாருக்கும் அந்தப் பக்கம் மனப்பாடம் ஆகிவிட்டிருந்ததால், முன்வரிசையிலிருந்து அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். உதவி செய்கிறார்களாம். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தன் விரல் இருந்த இடத்திலேயே நின்றாள். இலையின் அடியில் என்று அவள் மட்டும்தான் சேர்த்துப் படித்தாள். யாருக்குக் காது இருந்தது கேட்க? நேரம் ஆகிவிட்டது என்று மணி அடித்தார்கள். மணி அடித்த பிறகும் கையில் இருந்த வார்த்தையை முடித்துவிட்டுத்தான் நிறுத்தினாள்.

அவள் அப்பாவை அன்றுதான் பார்த்தேன். போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர் பாதியிலேயே போனை மடியில் இறக்கிவிட்டு, பக்கத்தில் இருக்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசு செயலாளரின் பேரனுக்குப் போனது.

வெளியே தாழ்வாரத்தில் அவரிடம் போனேன். மகள் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாக் கொழந்தையும் கடகடன்னு படிக்குது மேடம். இது மட்டும் திக்குது. வாராவாரம் பஸ் ஏறிப் போயி என்னதான் கத்துக்கிச்சு?"

"உங்க பொண்ணு மட்டும்தான் சார் படிச்சா. மத்ததெல்லாம் ஒப்பிச்சுது. குக்கர் விசிலோட சேத்து ஒப்பிச்சுது."

அவருக்கு நான் சொல்வது புரியவில்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை. "நானும் இதே மேடைல படிச்சவன்தான் மேடம். எனக்கு இன்னிக்கு வரைக்கும் தமிழ் எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது. நான் கப் வாங்கலியா?"

கூச்சமே இல்லாமல், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னார். அவருக்கு வாசிப்பு என்றால் அதுதான். மேடை, புத்தகம், நிற்காத வாய், கைதட்டல். அவர் வாழ்க்கையில் வேறு எந்த வாசிப்பையும் அவருக்கு யாரும் காட்டியதில்லை. அந்த மனிதர் மேல் கோபப்படக்கூட முடியாமல் நான் நின்றேன். அதற்குள் அந்த அம்மா உள்ளே போய்ச் செயலாளரிடம் கேட்டு ஜன்னல் அட்டையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் நான் சண்டை போட்டேன். அடுத்த வருஷம் யாரும் முன்பே பார்க்காத பக்கத்தைக் கொடுங்கள், இரண்டே வரி போதும் என்றேன். ஆளாளுக்கு முன்னால் இருந்த தாளைப் புரட்டினார்கள். சுற்றிப் பார்த்தேன். செயலாளரின் கையில் அன்றைய வரவேற்புரை இருந்தது, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கப் வாங்கியவர்கள்.

செயலாளர்தான் கடைசியில் பேசினார். குரல் அப்போதும் வெண்ணெய்தான். "பாருங்கோம்மா. கொழந்தேள் வீட்டுல பெங்காலி பேசறதுகள், ஸ்கூல்ல இங்கிலீஷ். மேடையேறி அஞ்சு நிமிஷம் தமிழ் சத்தம் வாய்லேர்ந்து வந்தாலே பெரிசு. திக்கித் திணறினா அடுத்த வருஷம் யார் வருவா? நீங்க டிரான்ஸ்ஃபர்ல வந்தவா, போயிடுவேள். நாங்க இங்கயே இருக்கணும். ஹால் நிறையணும்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் இன்னும் கசந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டினேன். "ஒனக்கு எதுக்குட்டி ஊர் வம்பு?" என்றார் அவர். நல்ல ஆறுதல்.

அடுத்த மாதக் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தன்னலமற்ற சேவை, தமிழ்த்தொண்டு என்றெல்லாம் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். துணி தோளில் விழுந்துகொண்டிருக்கும்போதே, இனிமேல் ஞாயிறு வகுப்பு 'மேடைப் பயிற்சி' என்ற பெயரில் செயலாளரின் மனைவி நடத்துவார் என்று அறிவித்தார்கள். என்னிடம் யாரும் அதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம் ஆட்களுக்கு ஒருவரை வெளியே அனுப்ப இதைவிடச் சுத்தமான வழி தெரியாது. போர்த்தினால் கும்பிட்டுத்தானே ஆக வேண்டும்? கும்பிட்டேன். அந்தப் பொன்னாடை இப்போது எங்கள் வீட்டு மிக்ஸிக்கு உறை. அ, அம்மா அட்டை மறுபடியும் சுவரில் ஏறிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

வங்காளி அம்மா எனக்குப் போன் செய்தாள். மகளை உங்கள் வீட்டுக்குக் கூட்டிவரட்டுமா என்றாள். வா என்றேன். சில ஞாயிறுகள் வந்தார்கள். சமையலறை மேஜையில் உட்கார்ந்து படித்தோம். அவள் வேகம் கூடிக்கொண்டு வந்தது. ஜன்னல் அட்டையை ஒரு எழுத்தாக இல்லாமல் இரண்டு மூன்றாகத் தள்ளினாள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அட்டையே தேவைப்பட்டிருக்காது. படிக்கிற குழந்தைக்கு அந்தக் கட்டம் எவ்வளவு முக்கியமானது என்று ஒன்றாம் வகுப்பு எடுத்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த இடத்தில் விட்டால் எல்லாம் போய்விடும்.

அந்த இடத்தில்தான் விட்டார்கள். மேடைப் பயிற்சியும் ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டில் ஒன்று என்று அப்பா சொல்லிவிட்டார். "அவருக்கு ஆசை தீதி. பொண்ணு கப் வாங்கணும்னு," என்று போனில் சொன்னாள் அந்த அம்மா. பிறகு, "அவளுக்கும்," என்றாள்.

மறு வருஷப் பொங்கல் விழாவுக்கு நான் போவதாக இல்லை. ரயில்வே அதிகாரி என்று என் கணவரை மேடையில் உட்காரக் கூப்பிட்டிருந்தார்கள், அதனால் போக வேண்டி வந்தது. கூட்டத்தோடு கூட்டமாக நடுவரிசையில் உட்கார்ந்தேன். இந்த வருஷப் பக்கம் ஆற்றைப் பற்றி. ஒரு குழந்தை வந்து 'ஆற்றின் நடுவில் ஒரு பழைய' என்று நிறுத்தியது. பிறகு 'படகு நின்றது' என்றது. இரண்டாவது குழந்தையும் 'பழைய' என்று நிறுத்தியது. இந்த வருஷம் என்ன விசிலோ, காலிங் பெல்லோ, எனக்குத் தெரியாது. நான் யாருடைய போனையும் கேட்டு வாங்கவில்லை.

அவள் வந்தாள். புதுப் பட்டுப் பாவாடை, தலை நிறையப் பூ. ஒரு வருஷத்தில் உயர்ந்திருந்தாள். புத்தகத்தை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாள். என்ன ஒரு கணீர்க் குரல். எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், எங்கே கையை வீச வேண்டும், ஒன்றும் தப்பவில்லை. நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்துக்கு வர வேண்டாம், வந்தாலும் நிற்க வேண்டாம் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"ஆற்றின் நடுவில் ஒரு பழைய," என்றாள். நிறுத்தினாள். பிறகு, "படகு நின்றது."

முதல் பரிசு அவளுக்குத்தான். அவள் அப்பா எழுந்து நின்று கை தட்டினார். வீடியோவை இந்தத் தடவை நிறுத்தவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம் கிடைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். குறை சொன்னால் நான் மனுஷி இல்லை.

விழா முடிந்து சாப்பாட்டு வரிசையில் அவளே என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். பின்னால் அவள் அம்மா. "மிஸ், ஃபர்ஸ்ட்!" என்று கப்பைக் காட்டினாள். நல்லா இருந்ததும்மா என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். என் புத்தி கேட்டால்தானே. அவள் கையில் இருந்த புத்தகத்தை வாங்கி, அந்தப் பக்கத்தை விரித்து, நடுவில் ஒரு வார்த்தைக்குக் கீழே விரலை வைத்தேன். படகு.

அவள் பார்த்தாள். ப என்று உதடு கூடியதைப் பார்த்தேன். தெரியும் அவளுக்கு. ஆனால் அப்படியே நிறுத்திவிட்டு, திரும்பி அப்பா எங்கே நிற்கிறார் என்று பார்த்தாள். அவர் கொஞ்சம் தள்ளி யாருக்கோ வீடியோ காட்டிக்கொண்டு நின்றார். அவள் புத்தகத்தை விட்டுப் பார்வையை எடுத்து, மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தை முதல் வரியிலிருந்து வாய்க்குள் வேகமாக ஓட்ட ஆரம்பித்தாள். முதல் வகுப்பில் க, ங, ச என்று விரல் மடக்கிக்கொண்டு வந்த அந்தப் பையன் செய்த அதே வேலை. ஆற்றின் நடுவில் ஒரு பழைய என்று வந்து, நிறுத்தி, "படகு, மிஸ்," என்றாள். வெற்றிச் சிரிப்பு.

நான் விரலை அங்கிருந்து எடுக்கவில்லை. அதற்குள் பின்னாலிருந்து அவள் அம்மா குனிந்தாள். கைப்பையைத் திறந்து எதையோ எடுத்தாள். அதே ஜன்னல் அட்டை. ஓரமெல்லாம் அழுக்கேறி, செல்லோடேப் ஒட்டியிருந்தது. அதை என் விரல் இருந்த இடத்தில் வைத்து, மெதுவாக நகர்த்தினாள்.

"ப," என்றாள். "ட. கு." ஆரம்பத்துக்குத் திரும்பி வந்தாள். "படகு." பொடொகு இல்லை, படகு. ஒரு வருஷமாகத் தனியாக உட்கார்ந்து அதைச் சரி செய்திருக்கிறாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, குழந்தை போலச் சிரித்தாள். "இன்னும் படிக்கட்டுமா தீதி?" என்று அடுத்த வார்த்தைக்கு அட்டையைத் தள்ளினாள்.

மகள் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். கோபம் இல்லை. தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்கிற பொறுமையோடுதான் சொன்னாள்.

"அப்படிப் படிச்சா கப் தர மாட்டாங்க மா."